கடலோரச் சின்ன விடுதியில் தங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையை ஒட்டிய சாதாரண லாட்ஜிலோ மோட்டலிலோ ரூம் போடப் போகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. புக் பண்ணுவதற்கு முன் சில, போய் இறங்கியதும் சில, ராத்திரி தூக்கம் வராதபோது சில. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இடங்களில் கடல் செய்த வேலை எது, கவனிப்பு இல்லாமல் வந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கீழே உள்ள பல பதில்கள் அதைச் சுற்றியே வரும்.

பீச் பக்கத்துல சாதாரண லாட்ஜ் எடுக்கலாமா, இல்ல கொஞ்சம் கூடப் போட்டு ரிசார்ட்டுக்கே போயிடலாமா?

பகல் முழுவதும் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். விடிந்ததும் மணலில் இறங்கி, வெயில் ஏறியதும் ரூமுக்கு வந்து குளித்துப் படுத்து, சாயங்காலம் மறுபடி தண்ணீரில் கால் நனைப்பவர்களுக்குச் சின்ன விடுதியே வசதி. ஈரக்காலும் மணலுமாக வரவேற்பறையைத் தாண்டி லிஃப்டுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் நாலு எட்டில் கடல். நீங்கள் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி அந்த நாலு எட்டுக்குத்தான்.

கூட வருபவர்களில் யாராவது நாளெல்லாம் ரூமிலேயே இருக்க வேண்டியவர் என்றால் கணக்கு மாறும். உடம்பு முடியாதவர், கைக்குழந்தையை வைத்திருப்பவர், வேலையையும் கையோடு கொண்டுவருபவர் ஆகியோருக்கு நல்ல நாற்காலி, காற்றோட்டம், தடையில்லாத மின்சாரம் எல்லாம் வேண்டும். அப்போது கொஞ்சம் கூடப் போட்டு நல்ல ரூம் எடுப்பதே சரி.

'பீச் ஃபிரண்ட்', 'சீ வியூ', 'பீச்சுக்கு ரெண்டு நிமிஷம்'... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. 'பீச் ஃபிரண்ட்' என்றால் கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் கட்டடம் கடற்கரையில் இருப்பது வேறு, உங்கள் ரூம் கடலைப் பார்த்து இருப்பது வேறு. பல விடுதிகளில் ரூம்கள் ரயில்பெட்டிகள் போல வரிசையாக, கரையிலிருந்து உள்பக்கமாக நீண்டிருக்கும். கடல் பக்கம் உள்ள ஒன்றிரண்டு ரூம்களுக்குத்தான் கடல் நேராகத் தெரியும், மற்றவற்றுக்கு வண்டி நிறுத்தும் இடம்தான் தெரியும்.

'சீ வியூ' என்று போட்ட ரூமில் பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் ஒரு கீற்று நீலம் தெரியலாம். அதுவும் அவர்கள் கணக்கில் சீ வியூதான். 'ரெண்டு நிமிஷம்' என்பது நடையா, வண்டியா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் விடுதியைத் தேடி, நடுவில் பெரிய சாலை, பாறைக்கரை, மதில் ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். பாறை கொட்டிய கரையென்றால் கடல் கண்ணெதிரே இருக்கும், ஆனால் கால் வைக்க மணல் இருக்காது.

போன்ல பேசும்போது என்னதான் கேக்கணும்? அவங்க எல்லாத்துக்கும் 'இருக்கு சார்'னு சொல்லிடறாங்க.

ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'கடல் தெரியுமா?' என்பதற்குப் பதிலாக 'ரூம் ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரியும்?' 'தண்ணி நல்லா இருக்குமா?' என்பதற்குப் பதிலாக 'குளிக்கிற தண்ணி போர்த் தண்ணியா, வெளியிலிருந்து வருதா?' 'கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா?' என்பதோடு நிறுத்தாமல் 'அதில் ஏசி ஓடுமா, ஃபேனும் லைட்டும் மட்டுமா?' என்றும் கேளுங்கள்.

ரூம் நம்பரையும் எந்த மாடி என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். கடற்கரை ஓரங்களில் சீசன் முடிந்ததும்தான் இடிப்பதும் கட்டுவதும் நடக்கும், சுத்தியல் சத்தம் விளம்பரப் படத்தில் தெரியாது. முடிந்தால் அந்த ரூமை அன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்லபடியாக நடத்துகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். பேசியதை ஒரு சிறிய செய்தியாக எழுதி அவர்களுக்கு அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது உதவும்.

கீழ் ரூம் நல்லதா, மாடி ரூம் நல்லதா?

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் கீழே. நேராக மணலுக்குப் போய் வரலாம், படியில் ஈரக்காலோடு வழுக்கும் பயமில்லை. ஆனால் நடந்து போகிறவர்கள் பார்வை உள்ளே விழும் என்பதால் திரையை இழுத்தே வைக்க வேண்டிவரும், ஈரமும் மணலும் கூடுதலாகவே இருக்கும்.

இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு முதல் மாடிக்கு. காற்று தடையில்லாமல் வரும், கடல் தெரியும். கடலை உயரத்திலிருந்து பார்ப்பதில் அழகைத் தாண்டி இன்னொரு பயனும் இருக்கிறது. நீச்சல் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ரூமுக்குள்ள போனதும் முதல்ல எதைப் பாக்கணும்?

பெட்டியைக் கட்டிலில் போடாதீர்கள். குளியலறை டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் நாலு மூலையிலும் விரிப்பைத் தூக்கித் தையல் ஓரத்தைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் தெரியும்: பேனா முனையால் குத்தியது போன்ற கருப்புப் புள்ளிகள், உதிர்ந்த பழுப்புத் தோல், அரை சென்டிமீட்டர் அளவில் தட்டையான பூச்சி. கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் செல்போன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அந்த ரூம் வேண்டாம். ஒட்டியுள்ள பக்கத்து ரூமும் வேண்டாம், சுவர் விரிசல் வழியாக அவை நகரும்.

அப்புறம் கதவுத் தாழ்ப்பாள். மரக்கதவு ஈரத்தில் உப்பி, தாழ்ப்பாள் அதன் துளைக்கு நேராக வராமல் இருக்கும். பார்க்கப் போட்ட மாதிரி இருக்கும், தள்ளினால் திறந்துகொள்ளும். போட்டுவிட்டு ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஃபிளஷ், குழாய், ஏசி எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிவிடுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சொன்னால் ரூம் மாற்றித் தருவார்கள். ஒரு ராத்திரி படுத்து எழுந்து சொன்னால் பேச்சு நீளும்.

ஜன்னல் கம்பி, குழாய், விசிறி எல்லாம் துருப்பிடிச்சிருக்கு. மோசமான இடத்துல மாட்டிக்கிட்டோமா?

துருவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத்துளிகள் காற்றில் கிளம்புகின்றன. அவை சுவரிலும் கம்பியிலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் உலோகத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு, உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடும். எவர்சில்வர் குழாயில்கூடப் பழுப்புப் புள்ளிகள் வருவது இதனால்தான். ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தால் விரல் பிசுபிசுக்கும். காலையில் துடைத்திருந்தாலும் சாயங்காலம் அப்படித்தான் இருக்கும்.

கவனிப்பு இல்லை என்பதைக் காட்டும் அடையாளங்கள் வேறு. குளியலறை மூலையில் கரும்பூஞ்சை, அடைத்த சாக்கடை, தலையணை உறையில் முடி, எரியாத பல்புகள், ஆடுகிற மின்சுவிட்ச். இவற்றுக்குக் கடல் காரணமில்லை.

துருவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பால்கனிக் கைப்பிடியும் மாடிப்படிக் கம்பியும் தரையோடு சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே துரு உப்பிச் செதிலாக உதிர்ந்தாலோ, சிமென்ட் விண்டிருந்தாலோ, கையால் அசைத்தால் ஆடினாலோ அதில் சாய வேண்டாம். ரூமை மாற்றச் சொல்லுங்கள். மேலே பெயின்ட் புதிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

பெட்ஷீட் தொட்டா ஜில்லுனு ஈரமா இருக்கு. துவைக்காமலே போட்டிருக்காங்களோ?

பெரும்பாலும் துவைத்ததாகத்தான் இருக்கும், காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசனையோ வெறும் ஈர வாசனையோ வந்தால் பரவாயில்லை. வியர்வை வாடை, முடி, படுத்து எழுந்த கசங்கல் இருந்தால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். மடிப்புக்கோடு தெரிகிற விரிப்பு என்றால் நல்ல அறிகுறி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கதவு ஜன்னலை மூடி ஏசியைப் போட்டுவிட்டால் விரிப்பும் தலையணையும் உலர்ந்துவிடும்.

ஏசி ஓடுது, ஆனா தரை எல்லாம் ஈரம். தண்ணி வேற சொட்டுது.

கடல் தெரிய வேண்டும் என்று பால்கனிக் கதவைத் திறந்து வைத்தபடி ஏசியை ஓட்டினால் இப்படித்தான் ஆகும். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தரையிலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். அலைக் காற்று வேண்டுமென்றால் ஏசியை அணைத்து ஃபேனைப் போடுங்கள், ஏசி வேண்டுமென்றால் கதவைச் சாத்துங்கள். கதவு சாத்தியிருந்தும் ஏசியின் உள்பெட்டியிலிருந்து சொட்டினால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். ஆளைக் கூப்பிட்டால் சீக்கிரம் சரிசெய்துவிடலாம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: குளிர்ந்த ரூமிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிடும். பையை மூடியபடியே வெளியே கொண்டுபோய், கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள்.

குழாய்த் தண்ணி உப்புக் கரிக்குது. குளிக்கலாமா? கொதிக்க வெச்சுக் குடிக்கலாமா?

குளிக்கலாம். குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய உப்பின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கரையோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர், அதைவிட அடர்த்தியான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அதிகமாக இறைக்க இறைக்க மேலேயுள்ள நல்ல தண்ணீர் மெலிந்து, கீழேயுள்ள உப்புநீர் ஏறிவரும். கூட்டம் நிறைந்த நாட்களில் பல விடுதிகள் ஒரே நேரத்தில் மோட்டார் போடும்போது அது இன்னும் வேகமாக நடக்கும். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காவிட்டால், அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் காரணம் (இதைத்தான் கடினநீர் என்கிறார்கள்). ஷாம்புவும் உடல்கழுவும் திரவமும் அதில் ஓரளவு நுரைக்கும். பல் துலக்கவும் குழந்தைக்குப் பால் கலக்கவும் குடிநீரையே எடுங்கள்.

ராத்திரி அலைச் சத்தத்துல தூக்கம் வருமா?

பெரும்பாலானவர்களுக்கு வரும். அலைச் சத்தம் ஒரே சீராக ஏறி இறங்குவதால் காது பழகிவிடும், முதல் ராத்திரி மட்டும் கொஞ்சம் புரள நேரிடும். தூக்கத்தைக் கெடுப்பது வேறு சத்தங்கள்: நடைபாதையில் செருப்பு, மேல்மாடியில் நாற்காலி இழுபடுவது, ஜெனரேட்டர், அதிகாலையில் கிளம்புகிறவர்களின் வண்டி. அதனால் படிக்கட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி ரூம் கேளுங்கள்.

இன்னொன்று. பகலில் தரை சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். ராத்திரி தரை சீக்கிரம் குளிர்வதால் அது திரும்பி, கரையிலிருந்து கடலுக்குப் போகும். சாயங்காலம் அள்ளிக்கொண்டு வந்த ஜன்னல் காற்று நடுராத்திரி நின்றுபோவது இதனால்தான். கடல் பக்க ஜன்னலை மட்டும் நம்பி ஏசி இல்லாத ரூம் எடுத்தவர்கள் பின்பக்க ஜன்னலும் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைல அவ்ளோ பெரிய மணல் இருந்துச்சு. சாயங்காலம் வந்தா தண்ணி படிக்கட்டு வரைக்கும் நிக்குது. ஏதாவது ஆபத்தா?

பெரும்பாலான கரைகளில் இது தினசரி நடப்பது. கடல் ஏறி வற்றி, மறுபடி ஏறுவதற்குச் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் நாளைக்கு இதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமி வாக்கில் இரண்டும் குறைவு. எல்லாக் கரையிலும் ஒரே அளவு இல்லை. சில இடங்களில் சாண் அளவுக்குத்தான் ஏறும், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மெக்சிகோ வளைகுடாவின் பல கரைகளில் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம்தான்.

விடுதியில் அன்றைய நேரத்தைக் கேளுங்கள், அல்லது கடலேற்ற அட்டவணையைப் பாருங்கள். அகலமான மணலில் விளையாட வற்றும் நேரம்தான் நல்லது. செருப்பையும் துண்டையும் ஈரமணலுக்கு மேலே, காய்ந்த மணலில் வையுங்கள். பாறை முனையைச் சுற்றி நடந்து பக்கத்து மணலுக்குப் போகிறவர்கள் கடல் ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். வந்த வழி மூடிக்கொள்ளும்.

எனக்கு நல்லா நீச்சல் தெரியும். வாசல்லயே கடல். இறங்கலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் கவலைப்பட்டுப் பதில் சொல்கிறேன். குளத்திலும் நீச்சல்குளத்திலும் கற்ற நீச்சல் கடலுக்குப் போதாது. சின்ன விடுதிகளின் முன்னால் உள்ள கரையில் பெரும்பாலும் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். 'வாசலிலேயே இருக்கிறது' என்பதால் அது பாதுகாப்பான கடல் ஆகிவிடாது. உயிர்காப்பாளர் இருக்கும் பகுதிக்குக் கொஞ்சம் நடந்து போய்க் குளிப்பதே என் யோசனை. பல நாடுகளில் பாதி சிவப்பு, பாதி மஞ்சள் கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் கண்காணிப்பு உண்டு. ஒரு சிவப்புக் கொடி பெரிய ஆபத்தையும், இரட்டைச் சிவப்பு இறங்கவே தடை என்பதையும், ஊதா நிறம் ஜெல்லி மீன் போன்றவற்றையும் குறிக்கும்.

கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய பாதையில் சேர்ந்து கடலுக்குள் வேகமாகத் திரும்பும். இந்த இழுப்பு சில சமயம் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும், போட்டி நீச்சல்காரராலும் அதை எதிர்த்து வர முடியாது. மாடி ரூமின் பயனை முன்பே சொன்னேனே, அது இங்கேதான். மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், கருத்தும் கலங்கியும் தெரியும். பார்க்க அமைதியாக இருக்கும் அந்த இடத்தில்தான் பலர் இறங்குகிறார்கள். இறங்கக் கூடாத இடமே அதுதான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். இழுப்பு உங்களை உள்ளே கொண்டுபோகும், நீருக்கு அடியில் அழுத்தாது. மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து அதன் போக்கில் கரை சேருங்கள். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மிதக்கிற ஏதாவது ஒன்றை எறியுங்கள். குடித்துவிட்டும் இருட்டிலும் இறங்கவே வேண்டாம்.

சின்னப் பசங்களோட போறோம். தனியா எதாவது கவனிக்கணுமா?

நேராக மணலுக்குத் திறக்கும் கதவுதான் முதல் கவலை. பெரியவர்கள் தூங்கும்போது குழந்தை எழுந்து திறந்துகொண்டு போய்விடலாம். மேல் தாழ்ப்பாள் உள்ள ரூமாகக் கேளுங்கள். மாடி என்றால் பால்கனியில் நாற்காலி, ஸ்டூல், பெட்டி எதையும் கைப்பிடிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னக் குழந்தையை அங்கே தனியாக விட வேண்டாம். துருப்பிடித்த கைப்பிடி பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

தண்ணீரில், 'எல்லாரும் பார்த்துக்கறோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். இன்னார் இந்த அரை மணி நேரம் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமலே முடிந்துவிடும். மணலில் ஆழமாகக் குழி தோண்டி உள்ளே இறங்கவும் விடாதீர்கள். ஓரம் சரிந்தால் நொடியில் மூடிவிடும்.

ரூம் முழுக்க மணல். படுக்கையிலகூட நறநறன்னு இருக்கு.

வாசலில் ஒரு வாளி நீரும் மக்கும் வைத்துவிடுங்கள். கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று வீட்டு விதி போட்டால் போதும். ஈரமணல் காலில் அப்பிக்கொண்டு உதிராமல் இருந்தால் முகப்பவுடரைத் தூவித் தேயுங்கள், ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ள, மணல் தானாக உதிரும். குளியலறையில் மணல் உதறினால் வடிகால் அடைக்கும். நீச்சலுடையையும் துண்டையும் வெளியிலேயே உதறிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

துணி ரெண்டு நாளா பால்கனியில கிடக்கு, காயவே மாட்டேங்குது.

கடல்நீரில் நனைந்ததை அப்படியே போட்டிருப்பீர்கள். துருக் கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான், துணியில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து போடுங்கள். கிளிப் போட மறக்காதீர்கள்.

ஜெல்லி மீன் கொட்டிடுச்சு. ரூமுக்கு ஓடிவந்து ஷவர்ல கழுவிடலாமா?

நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டு செல்கள் அதில் வெடித்து வலி கூடும். மணல் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. கடல்நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். அதன்பிறகு, தாங்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்திருப்பது பல வகை ஜெல்லி மீன்களின் வலியைக் குறைக்கும். ரூமில் வெந்நீர் வருகிறதா என்பது இங்கே பயன்படும்.

வினிகர் சில வகைகளுக்குத்தான் உதவும், வேறு சிலவற்றில் நிலையை மோசமாக்கும். அங்குள்ள உயிர்காப்பாளர் சொன்னால் மட்டும் ஊற்றுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம் வந்தாலோ, உடம்பில் பெரும்பகுதியில் பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எல்லாரும் தண்ணில இருக்கும்போது போன், நகை எல்லாம் எங்க வைக்கிறது?

நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் தானே கழன்றுவிடும், மணலுக்குள் போனால் கிடைப்பது அரிது. ரூமில் கண்ணாடி இழுகதவு இருந்தால் அதன் கொக்கியை மட்டும் நம்பாதீர்கள், கீழ்த்தடத்தில் ஒரு கட்டை வைத்தால் வெளியிலிருந்து தள்ள முடியாது. ஒருவர் மாறி ஒருவர் கரையில் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட எளிது.

சீசன் இல்லாத நேரத்துல வாடகை குறைவு. போகலாமா?

கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் சிறந்த நேரம். கூட்டம் இருக்காது, நல்ல ரூமாகத் தேர்ந்தெடுக்கலாம், விடுதிக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். ஆனால் அலை கடுமையாக இருக்கலாம், உயிர்காப்பாளரும் இருக்க மாட்டார். வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த ரூமைத் திறந்து கொடுத்தால் பூஞ்சை வாடை அடிக்கும். ஒரு நாள் முன்னதாகவே திறந்து காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தா என்ன பண்றது? பணம் திரும்பக் கிடைக்குமா?

பணம் என்பது புக் பண்ணும்போது ஒப்புக்கொண்ட விதியைப் பொறுத்தது. புயல்காலத்தில் போவதாக இருந்தால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையையே எடுங்கள். சின்ன இடங்களில் நேரடியாகப் பேசினால் பணம் தராவிட்டாலும் தேதி மாற்றித் தருவார்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே இருக்கும்போதே எச்சரிக்கை வந்து வெளியேறச் சொன்னால், கொடுத்த வாடகையை நினைத்துத் தங்காதீர்கள். புயல் தள்ளிவரும் நீர், கடல் ஏறும் நேரத்தோடு சேர்ந்துகொண்டால் படிக்கட்டு வரை வந்த தண்ணீர் கீழ் ரூமுக்குள் வந்துவிடும்.

சுனாமிக்கு எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க நேரமிருக்காது. நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ ஆடினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலும், உறுமல் சத்தம் கேட்டாலும் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. முதல் அலையே பெரியதாக இருக்கும் என்பதில்லை, அடுத்தவை மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கலாம். போய் இறங்கிய அன்றே, மேட்டுக்குப் போகும் வழி எது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

ராத்திரி பால்கனி லைட்டை அணைக்கச் சொல்றாங்க. கரண்ட் மிச்சம் பிடிக்கிறாங்களா?

அது ஆமைகள் முட்டையிடும் கரையாக இருக்கும். மணலிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல் பக்கம்தான். பால்கனி விளக்கு எரிந்தால் அவை திசை மாறி விடுதிப் பக்கம் வந்து, களைத்தோ வண்டியில் அடிபட்டோ சாகும். தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் கரையேறாமல் திரும்பிவிடும். விளக்கை அணைத்துத் திரையையும் இழுத்துவிடுங்கள். கரையில் ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காமல், ஃபிளாஷ் போடாமல், தள்ளி நின்று பாருங்கள்.

படத்துல பாத்த ரூம் வேற, குடுத்த ரூம் வேற. எப்படிக் கேட்டா மாத்திக் குடுப்பாங்க?

குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போங்கள். துரு, பிசுபிசுப்பு, கண்ணாடியில் உப்பு இதையெல்லாம் சொல்லத் தொடங்கினால் 'கடற்கரைன்னா அப்படித்தான்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். தாழ்ப்பாள் விழவில்லை, பூஞ்சை இருக்கிறது, கைப்பிடி ஆடுகிறது, பேசிய ரூம் நம்பர் இது இல்லை என்று சொல்லுங்கள். முன்பு அனுப்பிய செய்தியைக் காட்டுங்கள், படம் எடுத்து வையுங்கள். பெட்டியைத் திறக்காமல், சாவி கையில் இருக்கும்போதே பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, அங்கே வேலை செய்கிறவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான், காலையிலிருந்து எல்லா ரூமையும் அவரே பார்த்துக்கொண்டிருப்பார்.

காலைலயே ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க, எங்க வண்டி ராத்திரிதான். நடுவுல என்ன பண்றது?

முதல் நாளே கேட்டு வையுங்கள். பெட்டியை அலுவலக அறையில் வைக்க அநேகமாக எல்லா இடத்திலும் விடுவார்கள். கடைசி நாளும் கடலில் இறங்குவதாக இருந்தால், கிளம்பும் முன் குளிக்கப் பொதுக் குளியலறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரே ரூமை மட்டும் அரை நாள் நீட்டிக்கலாம். மாற்றுத்துணி, துண்டு, மருந்து, சார்ஜர் நான்கையும் தனிப் பையில் மேலாக வைத்துக்கொண்டால் பெட்டியைத் திரும்பத் திறக்க வேண்டாம். சாவி கொடுக்கும் முன் பால்கனிக் கொடி, குளியலறைக் கதவின் பின்புறம், கட்டிலுக்கு அடியில், ஏசிக்குக் கீழே உள்ள பிளக் நான்கையும் பாருங்கள். மறந்துபோகிற பொருட்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.